கிளாத்திக்கு ஒரு துணை

தம்பி, ஒரு நிமிஷம். நீங்க இந்த ஏரியா ஆளா? இல்லையா, அப்ப நல்லதாப் போச்சு. எதிர்க் கடைக்காரனுக்கு உங்க முகம் தெரியாது. டீ சொல்லவா? மாஸ்டர், ரெண்டு டீ போடுங்க, ஒண்ணுல சக்கரை கம்மியா.

ஒரு உதவிதான். அந்த நீல போர்டு கடை தெரியுதா, கடல் மீன்னு எழுதியிருக்கு பாருங்க. அதுக்குள்ள போய் எனக்கு ஒரே ஒரு மீன் வாங்கிட்டு வரணும். காசு இப்பவே கையில குடுத்துடறேன். நீயே போகலாமேய்யான்னு நெனப்பீங்க. போனேன். பத்து நிமிஷம் முன்னாடிதான் வெளிய வந்தேன். எனக்கு மீன் தரமாட்டானாம். கொளத்தூர்ல ஞாயித்துக்கிழமை இத்தனை கடை, இத்தனை ஜனம், காசை நீட்டுறவன்கிட்ட மீன் இல்லைன்னு சொல்ற ஒரே ஆளு அந்த ஜெபராஜ்தான். வேற கடையிலயும் கேட்டுப் பாத்துட்டேன். உப்புத்தண்ணி மீன் உருப்படியா வச்சிருக்கிறது இவன் ஒருத்தன்தான். மத்ததெல்லாம் கோல்டு ஃபிஷ்ஷும் கப்பியும்.

என் பேரு தணிகாசலம். பம்மல்ல இருந்து பஸ் மாறி மாறி வரேன். குடிநீர் வாரியத்துல முப்பத்தோரு வருஷம் பம்ப் ஆபரேட்டர். தண்ணியைப் பத்தி எனக்கு எவனும் பாடம் எடுக்க வேணாம். ஆனா உப்புத்தண்ணி விஷயம் மட்டும் என் பொண்ணு சொல்லிக் குடுத்தது. சாருலதான்னு பேரு. ஒரே பொண்ணு. ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பார்த்தா. முதல் வருஷச் சம்பளத்துல எல்லாரும் நகை வாங்குவாங்க, இவ நாலடி கண்ணாடித் தொட்டி வாங்கினா.

தண்ணியை ஊத்தி மீனை விடுறதுதானேன்னு நானும் நெனச்சேன். மூணு மாசம் வெறும் தண்ணியும் கல்லும் மட்டும்தான். பாக்கிறவன் எல்லாம் சிரிச்சான். அவ கண்டுக்கல. ஒரு நோட்டு போட்டு எழுதினா. எது எதோட சேரும், எது எதோட சேராது, எதை முதல்ல விடணும், எதைக் கடைசியா விடணும். கூச்ச சுபாவம் உள்ளதை முதல்ல விடணுமாம் தம்பி. அப்பத்தான் அது ஒரு மூலையைப் பிடிச்சு, இது என் இடம்னு பழகிக்குமாம். முரட்டு மீனை முதல்ல விட்டா மொத்தத் தொட்டியும் தன்னுதுன்னு நெனச்சுக்கும். எங்க வீட்டுல ஜாதகம் பார்த்தப்ப கூட அவ்வளவு பார்க்கல.

ஆரஞ்சும் வெள்ளைப் பட்டையுமா ரெண்டு. மஞ்சளா தட்டு மாதிரி ஒண்ணு. அப்புறம் மணல்லயே கெடக்கிற ஒரு சின்ன மீனு, அதுகூட ஒரு இறாலு. இந்த ரெண்டும் ஒரே பொந்துல குடித்தனம் பண்ணும் தம்பி. இறாலுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அது பாட்டுக்குப் பொந்து தோண்டும். மீனு வாசல்ல நின்னு காவல் காக்கும். இறாலோட மீசை எப்பவும் மீன் மேல பட்டுக்கிட்டே இருக்கும். ஆபத்துன்னா மீன் வாலை ஆட்டும், ரெண்டும் உள்ள போயிடும். அதைப் பாத்துக்கிட்டே சாரு ராத்திரி சோறு தின்பா. நானும் தட்டை எடுத்துக்கிட்டு பக்கத்துல போய் உக்காந்துக்குவேன்.

கல்யாணம் ஆச்சு. போன வைகாசி. மாப்பிள்ளை நான் பார்த்த மாப்பிள்ளை. அதை நான் மறைக்கல. பேரு தினகர். பேங்க்ல நல்ல உத்தியோகம். என்னைப் பாத்தா கால்ல விழுந்துதான் எந்திரிப்பாரு. மாமா மாமான்னு அப்படி ஒரு மரியாதை. தொட்டியையும் கூட எடுத்துட்டுப் போறேன்னா சாரு. அவங்க வீட்டுல, உப்புக்காத்துக்கு டிவி துருப்பிடிச்சுடும், வேணாம்னுட்டாங்க. வேலைக்கும் போக வேணாம்னுட்டாங்க. சரி, புது வீடு, நாமதான் அனுசரிச்சுப் போகணும்னு சொல்லி அனுப்பினேன். தொட்டி என் பொறுப்புக்கு வந்துச்சு. நோட்டை என் கையில குடுத்துட்டுப் போனா.

தலைதீபாவளிக்கு வந்தாங்க. மாப்பிள்ளை கையில ஒரு பாலிதீன் பை. மாமா, உங்க தொட்டியில ஒரு ராஜா இல்ல, இந்தாங்கன்னு நீட்டினாரு. என்னமா இருந்துச்சு தெரியுமா அந்த மீனு. கட்டைவிரல் நீளம்தான். நீலக் கோடு, மஞ்சள் வாயி, யாரோ உக்காந்து வரைஞ்ச மாதிரி. கடையில ட்ரிகர்ங்கிறாங்க. காசிமேட்டுல கேட்டீங்கன்னா கிளாத்திம்பான்.

சாரு என்னைப் பாத்தா. எனக்கு நோட்டு ஞாபகம் வந்துச்சு. கடைசிப் பக்கத்துல செவப்பு இங்க்ல எழுதியிருப்பா, கிளாத்தி வகை எதுவும் சேர்க்கவே கூடாதுன்னு. ஆனா அது பொதுவா எழுதினது தம்பி. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை, வாசப்படியில நின்னு ஆசையா நீட்டுறாரு. வேணாம்னு எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க, உங்க வீட்டுல சொல்வாங்களா? நானே பையைப் பிரிச்சு விட்டேன். எல்லாரும் கை தட்டினோம்.

முதல்ல இறால் போச்சு. ரெண்டு நாள்ல. மீசை மட்டும் கல்லு மேல கெடந்துச்சு. அந்த மணல் மீனு, பாவம், ஆள் இல்லாத பொந்து வாசல்ல ரெண்டு நாள் நின்னுச்சு. அப்புறம் அதுவும் இல்ல. மஞ்சள் மீனுக்கு வால் கிழிஞ்சுது. ஆரஞ்சு ரெண்டும் பம்புக்குப் பின்னாடி போய் ஒட்டிக்கிச்சு, தீனி போட்டாலும் வெளிய வரல. இதெல்லாம் எனக்கு இப்ப பார்த்தவுடனே தெரியும் தம்பி. செதில் மங்குறது, மூலையிலயே கெடக்கிறது, தின்னாம இருக்கிறது, ஆள் வந்தா திடுக்கிடுறது, இதெல்லாம் இருந்தா அந்த மீன் அடி வாங்குதுன்னு அர்த்தம். பொங்கலுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. கிளாத்தி மட்டும் நிக்குது. இப்ப என் கை அளவு வளர்ந்துடுச்சு.

ஆனா எங்கிட்ட அது அப்படி இல்ல. அதையும் சொல்லணும். நான் போனா கண்ணாடிகிட்ட ஓடி வரும். என் விரல்ல இருந்து தீனி எடுத்துக்கும். அவ்வளவு சாது. ஒரே ஒரு தடவை கடிச்சுது, ரத்தம் வந்துச்சு. அது என் தப்புதான், கையில இறால் வாசனை இருந்துச்சு.

பொங்கல் முடிஞ்சு நாலாம் நாள் சாரு வந்தா. தனியா வந்தா, ஒரே ஒரு கைப்பையோட. முழங்கை மேல ஒரு தழும்பு. அப்பளம் பொரிக்கிறப்ப எண்ணெய் தெறிச்சுதுன்னு அவளேதான் சொன்னா. நேரா தொட்டி முன்னாடி போய் உக்காந்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் கேட்டா, "இதை ஏம்ப்பா எடுக்கல?"

"மாப்பிள்ளை குடுத்ததும்மா"ன்னேன்.

வேற என்ன சொல்லச் சொல்றீங்க? வாரம் ஒரு தடவை வீடியோ கால்ல வருவாரு. எடுத்ததும் முதல் கேள்வி, மாமா என் ஆளு எப்படி இருக்கான்னுதான். போனைத் தொட்டிகிட்ட காட்டணும். மீனை எடுத்துட்டேன்னு தெரிஞ்சா, அவரை ஒதுக்கின மாதிரி ஆயிடாதா?

சாருவை ரெண்டு தடவை நானே கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன் தம்பி. ஆட்டோ பிடிச்சு, பழம், ஸ்வீட்டு எல்லாம் வாங்கிட்டு. மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கோபம் வரும், நான் இல்லைங்கல. அடிக்கிற கைதான் அணைக்கும்மா, பொறுத்துப் போம்மான்னு சொல்லிட்டு வந்தேன். முதல் தடவை பதினெட்டு நாள் இருந்தா. ரெண்டாவது தடவை ஒம்பது நாள். இப்ப வந்து ஒரு மாசம் ஆகுது. ரூமை விட்டு வெளிய வரமாட்டேங்கிறா. சரியாச் சாப்பிடறதில்ல. காலிங் பெல் அடிச்சா தூக்கிவாரிப் போடுது. ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்னு நெனச்சேன்.

என் சம்சாரம் மங்கை வாயே திறக்க மாட்டா. அவளே போன வாரம், "அந்தக் கிளாத்தியைத் தூக்கி எங்கயாவது போட்டுட்டு வாங்க"ன்னா. "அது கெடக்கட்டும்டி, அதுக்கு ஏத்த ஜோடியைத் தேடலாம்"னேன். உள்ள போயிட்டா.

விசாரிக்காம குடுத்துட்டேன்னு நெனக்காதீங்க. விசாரிச்சேன். எப்படி விசாரிக்கணும்னு எனக்குத் தெரியும். சொந்தக்காரனைக் கேட்டா நல்லதுதான் சொல்லுவான், ஆபீஸ்ல கேட்டா கூட்டாளி. தெருமுனை இஸ்திரிக்காரனைக் கேக்கணும். ஒரு வீட்டு லட்சணம் அவனுக்குத்தான் தெரியும். எந்தச் சட்டையில பட்டன் பிஞ்சிருக்கு, எந்தப் புடவை கிழிஞ்சிருக்கு, எந்த வீட்டுல சத்தம் வருது, எல்லாம் அவன் கண்ணுலயும் காதுலயும் படும். மாப்பிள்ளை தெருவுக்குப் போய், வண்டிகிட்ட நின்னு, நான் பொண்ணு வீட்டுக்காரன்னு சொல்லியே கேட்டேன். "தங்கமான பையன் சார். அதிர்ந்து பேசமாட்டாரு. தைரியமாக் குடுங்க"ன்னான். அப்புறம்தான் தட்டு மாத்தினேன்.

சாரு ரெண்டாவது தடவை திரும்பி வந்தப்ப நேரா அவன்கிட்ட போனேன். என்னைப் பாத்ததும் அவனுக்குப் புரிஞ்சு போச்சு. தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அந்த வீட்டுச் சத்தம் தெரு முழுக்கக் கேக்குமாம். அவங்க அம்மாவையே கை நீட்டுறவராம். எங்களுக்கு முன்னாடி ஒரு எடத்துல நிச்சயம் ஆகி, அந்தப் பொண்ணு வேணாம்னு நின்னுடுச்சாம். "ஏன்யா, அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா"ன்னேன். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சொல்லுவாங்க சார். நான் சொன்னது ஒரே ஒரு பொய். வீட்டுக்கு ஒரு பொண்ணு வந்தா மாறிடுவாருன்னு நெனச்சேன்"னான்.

நான் அழுதுட்டேன் தம்பி. அந்த நடுத்தெருவுல நின்னு அழுதேன். உன் நாக்கு அழுகிடும்டான்னேன். நீ நல்லாவே இருக்கமாட்டேன்னேன். ஒரே ஒரு வார்த்தை. அவனுக்கு என்ன நஷ்டம்? என் பொண்ணுக்கு வாழ்க்கை. இன்னைக்கும் அவனை நெனச்சா எனக்கு வயிறு எரியுது. உண்மை தெரிஞ்ச ஒருத்தன், கேக்கிறவன்கிட்ட மறைக்கலாமா? நீங்க சொல்லுங்க, அவன் மனுஷனா?

சரி, நடந்தது நடந்து போச்சு. தாலி ஏறிடுச்சு. பெரியவங்க உக்காந்து பேசிட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையும் அவங்க பெரியப்பாவும் வராங்க, கூட்டிட்டுப் போக. என் தம்பி எல்லார் முன்னாடியும், ஒரே பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கத் தெரியலன்னு சொல்லிட்டான். என் தம்பி. நான் படிக்க வச்சவன். நான் தப்பு பண்ணலன்னு ஆகணும்னா அவ அந்த வீட்டுல இருக்கணும். இல்லைன்னா நான் என்ன அப்பன்? என் பொண்ணை நானே கொண்டுபோய்... அதை விடுங்க.

மூணு வாரம் முன்னாடி சாரு கிட்ட உக்காந்து கெஞ்சினேன். கை எடுத்துக் கும்பிட்டேன். அவ தொட்டியைப் பாத்துக்கிட்டே சொன்னா.

"சரிப்பா, போறேன். எந்த மீனை வேணா கொண்டாந்து அதுகூட விடுங்க. ஒரு வாரம் உயிரோட இருந்துச்சுன்னா நானும் போறேன்."

சிரிச்சுக்கிட்டே சொன்னா தம்பி. ரெண்டு மாசமா சிரிக்காத பொண்ணு. எனக்கு உயிரே வந்துச்சு. மங்கை எதுக்கு அழுதாளோ தெரியல. வார்த்தை வார்த்தைதானே? அவ குடுத்த வார்த்தையை மாத்துற பொண்ணு இல்ல.

அன்னையில இருந்து இந்தக் கடைக்கு அலையறேன். முதல்ல நல்லா சண்டை போடுற சின்ன மீனா ஒண்ணு குடுன்னு வாங்கிட்டுப் போனேன். மறுநாள் காலையில பாதிதான் கெடந்துச்சு. சரி, பெருசா இருந்தா பயப்படும்னு அதைவிடப் பெருசா ஒண்ணு வாங்கினேன். கண்ணைக் கொத்திடுச்சு. யாரோ சொன்னாங்க, புது மீன் விடறதுக்கு முன்னாடி கல்லை எல்லாம் இடம் மாத்தி வச்சா பழைய மீனுக்கு எது தன் இடம்னு குழம்பிடும்னு. நானே கையை விட்டு எல்லாக் கல்லையும் மாத்தினேன். கிளாத்தி ஒவ்வொரு கல்லா வாயால தள்ளி, பழைய இடத்துக்கே கொண்டுவந்துடுச்சு. மூணாவது மீனும் போச்சு. நாலாவதுக்கு முன்னாடி, கிளாத்திக்கு வயிறு முட்டத் தீனி போட்டுப் பாத்தேன். அஞ்சாவதுக்கு, கிளாத்தியையே ஒரு பிளாஸ்டிக் கூடையில ரெண்டு நாள் அடைச்சு வச்சேன், திமிரு அடங்கட்டும்னு. அது கூடை இடுக்கு வழியா என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. மனசு கேக்கல, திறந்து விட்டேன். அஞ்சாவது மீன் ஒரு மணி நேரம்தான் இருந்துச்சு.

ஆறாவது மீன் மூணு நாள் இருந்துச்சு தம்பி. மூணு நாள். புதன்கிழமை வரைக்கும். நான் சாமிக்குத் தேங்காய் உடைச்சேன். சாரு தினம் காலையில வந்து பாத்துட்டுப் போயிடுவா. வியாழக்கிழமை காலையில அதை வெளிய எடுத்தது அவதான். கையில வச்சுக்கிட்டு, "இது ரொம்பப் பொறுத்துக்கிச்சுப்பா"ன்னா.

அதான் இன்னைக்கு விடிஞ்சதும் வந்துட்டேன். இன்னைக்கு விட்டாத்தான் அடுத்த ஞாயிறுக்கு ஏழு நாள் ஆகும். வேற நாளே இல்ல எனக்கு. அந்த ஜெபராஜ் என்ன சொல்றான் தெரியுமா? "சார், ஆறு மீன் உங்களுக்குக் குடுத்துட்டேன். எந்த மீனைக் குடுத்தாலும் ஒண்ணுதான். நீங்க மாத்த வேண்டியது வர்ற மீனை இல்ல, உள்ள இருக்கிறதை. அதைக் கொண்டாங்க, நானே எடுத்துக்கிறேன். இனிமே உங்களுக்கு மீன் தந்தா அந்தப் பாவம் எனக்கு"ன்னு சொல்லிட்டு வேற ஆளைக் கவனிக்கப் போயிட்டான். ஒரு கடைக்காரன் பேசுற பேச்சா இது? வயசுல சின்னவன். நான் கை கூப்பிக் கேட்டேன் தம்பி. மீன் கடையில நின்னு கை கூப்பினேன்.

இப்ப கேளுங்க. உள்ள போனா வலது பக்கம் மூணாவது தொட்டி. முள்ளம்பேத்தை ஒண்ணு இருக்கும். பெரிய கண்ணு, குழந்தை மாதிரி மூஞ்சி. நான் பாத்து வச்சுட்டேன். ரொம்பப் பொறுமையான மீனு தம்பி. எவ்வளவு சீண்டினாலும் தாங்கும். தாங்கவே முடியலன்னாத்தான் ஊதும், முள்ளை நீட்டும். அதுவரைக்கும் ஒண்ணும் பண்ணாது. அது கண்டிப்பா ஒரு வாரம் தாங்கும். தாங்கிடும். ஒரு வாரம் தாங்கினாப் போதும் எனக்கு.

அதைக் கேளுங்க. ஆனா அவன் பையில போடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேப்பான். யாரு வந்தாலும் கேப்பான், அது கேக்காம ஒரு மீனையும் வெளிய விடமாட்டான். "தொட்டியில ஏற்கனவே யாரு இருக்கா?" இதுதான் கேள்வி. நீங்க, யாரும் இல்ல, புதுத் தொட்டி, காலியா இருக்குன்னு சொல்லிடணும். அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. உங்களுக்கு என்ன நஷ்டம்?

ஏன் எழுந்துட்டீங்க? உக்காருங்க தம்பி. டீ பாதி அப்படியே இருக்கு.

என்ன? இஸ்திரிக்காரனா? அது வேற தம்பி. எப்படி வேறயா? அது என் பொண்ணு விஷயம். இது மீனு. மீனுக்கும் பொண்ணுக்கும் முடிச்சுப் போடறீங்களே.

போங்க தம்பி. உங்க அப்பா வயசு எனக்கு. தப்பா நெனச்சுக்காதீங்க, போய்க் கேளுங்க. ஒண்ணு மட்டும். சொல்றப்ப தயங்கக் கூடாது. தயங்கினா அவன் கண்டுபிடிச்சுடுவான். தயங்கினா யாருக்கும் தெரிஞ்சு போயிடும். அன்னிக்கு நான் கேட்டப்ப அந்த இஸ்திரிக்காரன் தயங்கினான். பதில் சொல்லாம என்னைப் பாத்துக்கிட்டே நின்னான், இஸ்திரிப் பெட்டி சட்டை மேலேயே இருந்துச்சு. அப்புறம்தான் தங்கமான பையன்னான். துணி கருகின வாசனை வந்துச்சு. எனக்கும் வந்துச்சு தம்பி. நல்லாவே வந்துச்சு. மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. சரிப்பான்னு சொல்லிட்டு நடந்து வந்துட்டேன்.

அதனால தயங்காம சொல்லணும். எங்க, எங்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பாருங்க. நான்தான் ஜெபராஜ்னு வச்சுக்கோங்க. தொட்டியில ஏற்கனவே யாரு இருக்கா?

சொல்லுங்க தம்பி. என் முகத்தைப் பாக்காம சொல்லுங்க.